மாவட்டம் வந்தது; பாதை வந்ததா?

2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் தென்காசி மாவட்டம் பிறந்தது. விழா எடுத்தார்கள், வாழ்த்துரை வழங்கினார்கள், வரைபடத்தில் புதிய கோடு ஒன்று இழுத்தார்கள். நெல்லைச் சீமையிலிருந்து பிரிந்து எட்டு வட்டங்கள் கொண்ட தனி மாவட்டம்! 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 14 லட்சம் மக்கள்! சங்கரன்கோவில் இனித் தென்காசி மாவட்டம் என்று பலகையில் எழுதினார்கள். அலுவலக முத்திரையை மாற்றினார்கள்.

மாற்ற மறந்தது ஒன்று உண்டு. அதுதான் பாதை!

கோடு போடுவது ஒரு நாள் வேலை. பாதை போடுவது ஒரு தலைமுறை வேலை. முதல் வேலையை முடித்தவர்கள் இரண்டாவது வேலையை எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வெள்ளைக்காரன் காலந்தொட்டு நமக்குத் தலைநகர் நெல்லை. கச்சேரி அங்கே, கலெக்டர் அங்கே, பெரிய ஆஸ்பத்திரி அங்கே. ஆகவே சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாக நெல்லைக்குச் சாலை போட்டார்கள். பேருந்தும் அந்தச் சாலையில் ஓடியது. வடக்கே இராசபாளையம், கிழக்கே கழுகுமலை, கோவில்பட்டி, மேற்கே புளியங்குடி. ஒவ்வொரு பாதையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு காரியத்துக்காகப் பிறந்தது. இன்றோ ஆட்சித் தலைநகர் தென்காசி. கரிசல் காட்டிலே, திருவேங்கடம் வட்டத்தின் கீழ்க்கோடியிலே இருக்கும் உழவன், மாவட்ட ஆட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்கிறான்? முதலில் சங்கரன்கோவில் வந்து சேர வேண்டும். அங்கே காத்திருக்க வேண்டும். அடுத்த பேருந்து பிடித்துத் தென்காசி போக வேண்டும். மனுவைக் கொடுத்துவிட்டு அதே வழியில் திரும்பி, ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். ஒரு மனுக் கொடுக்க ஒரு நாள் கூலி போகிறது! மக்களுக்கு அருகே ஆட்சி வரவேண்டும் என்பதற்காகத்தானே மாவட்டத்தைப் பிரித்தார்கள்? ஆட்சி அருகே வந்ததா, அகன்று போனதா?

“ஒரு பேருந்து கூடுதலாக விட்டால் தீர்ந்துவிடும்” என்று கூறுவோர் உண்டு. ஒரு பேருந்து விடுவது சலுகை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எங்கே வீடு பெருகும், எங்கே தொழில் வளரும், எந்த ஊர் எந்த ஊரோடு சேர வேண்டும் என்று எண்ணி, அதற்கேற்பப் பேருந்தையும் இரயிலையும் அமைப்பது திட்டம். நாம் கேட்பது சலுகை அல்ல, திட்டம்.

வண்டி யாருடையது?

இதனை ஏதோ பொறியாளர்களும் அதிகாரிகளும் பேசித் தீர்க்கும் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இது கூலிப் பிரச்சினை.

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடத்தின் ஓசை கேட்டு வளர்ந்த ஊர். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலாளி, இரவு வேலை முடிந்து சுற்றுக் கிராமத்துக்குத் திரும்ப வழி இல்லையென்றால் என்ன செய்வான்? ஊருக்குள்ளே வாடகைக்கு அறை பிடிப்பான். கூலியில் ஒரு பங்கு வாடகைக்குப் போகும். அல்லது கடன் வாங்கி இருசக்கர வண்டி வாங்குவான். கூலியில் ஒரு பங்கு தவணைக்கும் பெட்ரோலுக்கும் போகும். எப்படிப் பார்த்தாலும் பேருந்து இல்லாத குறை அவன் கூலியில்தான் கழிகிறது.

பூ விவசாயியைப் பாருங்கள். விடியுமுன் மொட்டுப் பறித்தாக வேண்டும். பறித்த பூ சங்கரன்கோவில் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். நேரம் ஏற ஏற விலை இறங்கும். அதிகாலையில் பேருந்து இல்லாத ஊரில், பூவை எடுத்துச் செல்பவன் லோடு ஆட்டோக்காரன். அவன் கேட்டதுதான் வாடகை. பூவில் மணம் உழவனுக்கு; பணம் பிறருக்கு!

இன்னொரு காட்சி. விடியற்காலையில் நம் கிராமங்களின் முச்சந்தியில் ஆலை வண்டி வந்து நிற்கிறது. தீப்பெட்டி, பட்டாசு, நூற்பாலை என்று பக்கத்து வட்டாரத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்கிறது. போக்குவரத்து இலவசம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சற்று ஆழ்ந்து பாருங்கள். அந்த ஊருக்கு வேறு பேருந்து இல்லை. வண்டி எந்த ஆலைக்குப் போகிறதோ அந்த ஆலையில்தான் வேலை. வண்டி எப்போது திரும்புகிறதோ அப்போதுதான் வீடு. பக்கத்து ஆலையில் பத்து ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் போக வழி இல்லை. இன்று கூடுதல் நேரம் பார்க்க முடியாது என்று சொல்லவும் வழி இல்லை. வண்டி புறப்பட்டால்தானே வீடு போகலாம்! வண்டி யாருடையதோ, வேலை நேரமும் அவனுடையது. வேலை நேரம் யாருடையதோ, கூலியைப் பேசும் வாயும் அவனுடையது.

பொதுப் பேருந்து ஒன்று காலை ஐந்தரைக்கும் இரவு பத்துக்கும் அந்த முச்சந்திக்கு வந்து போனால், அந்தப் பெண்ணுக்கு இரண்டு ஆலை கிடைக்கும். இரண்டு ஆலை கிடைத்தால் பேரம் கிடைக்கும். எனவேதான் சொல்கிறோம்: பேருந்துக் கால அட்டவணை என்பது கூலி ஒப்பந்தத்தின் முதல் பக்கம்!

இருப்புப்பாதை சொல்லும் கதை

திட்டம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதை நம் வட்டாரத்து இருப்புப்பாதையே சொல்லும்.

மேற்கு மலையைக் குடைந்து செங்கோட்டையையும் புனலூரையும் இணைத்த பாதை 1904-இல் வந்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குப் பாதை வந்தது 1927-இல். இரண்டும் மீட்டர் பாதைகள். சங்கரன்கோவில் பாதை அகலப் பாதையானது 2004-இல். எண்ணிப் பாருங்கள்: 77 ஆண்டுகள்! நெல்லை–தென்காசிப் பாதை அகலமானது 2012-இல். செங்கோட்டை–புனலூர்ப் பாதையை 2010-இல் மூடினார்கள். முழுவதும் திறந்தது 2018-இல். மூடுவதற்கு ஒரு நாள், திறப்பதற்கு எட்டு ஆண்டு! அந்த எட்டு ஆண்டும் கொல்லம் பக்கம் பிழைப்புக்குப் போனவர்களுக்கு இரயில் இல்லை. தில்லியில் உட்கார்ந்து கொண்டு தெற்கின் தேவையைக் கணக்கிடும் முறை இது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். கொல்லத்திலிருந்து திருமங்கலம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தென்காசி, கடையநல்லூர் தாண்டிப் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாக இராசபாளையம் போகிறது. இரயிலோ கடையநல்லூருக்குப் பிறகு விலகிச் சங்கரன்கோவில் வழியாகப் போகிறது. நெடுஞ்சாலை உள்ள ஊருக்கு இரயில் இல்லை. இரயில் உள்ள ஊருக்கு நெடுஞ்சாலை இல்லை! புளியங்குடிக்காரருக்குப் பாம்புக்கோவில் சந்தைதான் இரயில் நிலையம். இரண்டையும் இணைக்கும் கயிறு எது? பேருந்து. இரயில் வரும் நேரத்துக்குப் பேருந்து வந்து நிற்க வேண்டும். அப்படி ஒரு கால அட்டவணையை இரயில்வேயும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து அமர்ந்து எழுதினால் என்ன? இரயில் தில்லிக்குச் சொந்தம். பேருந்து மாநிலத்துக்குச் சொந்தம். காத்திருப்பு மட்டும் நமக்குச் சொந்தமா?

சங்கரன்கோவிலிலிருந்து நெல்லைக்கு நேர் இருப்புப்பாதை கிடையாது. தென்காசி சுற்றித்தான் போக வேண்டும். சாலை வழித் தூரத்தைப் போல் இரு மடங்கு. நெல்லையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1965-இல். அன்று முதல் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்றால் நம் ஏழைக்குக் கடைசி நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இன்றும் சாலை ஒன்றே வழி. நேர்ப்பாதை வேண்டும் என்ற குரல் பழைய குரல். அதற்கு ஆகும் செலவைச் சொல்கிறார்களே தவிர, அது இல்லாததால் நாம் செய்யும் செலவை யார் சொல்கிறார்கள்?

நாட்டுடைமை தந்த வலிமை

கையில் எதுவும் இல்லை என்று கலங்க வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பது பெரிய கருவி. அது பொதுத்துறைப் பேருந்து.

சென்னை நகரில் அரசுப் பேருந்து 1947-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் மாவட்டங்களில் வண்டி முதலாளிகளின் கொடி பறந்தது. 1967-இல் அறிஞர் அண்ணா ஆட்சி அமைத்தார். பேருந்துகளை நாட்டுடைமையாக்கும் வேலை வேகம் பெற்றது. 1972-இல் சென்னைக்குப் பல்லவனும் மதுரைக்குப் பாண்டியனும் பிறந்தன. 1974-இல் நெல்லையைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பெயர்கள் 1997-இல் மாறின. வண்டி மக்களுடையது என்பது மாறவில்லை.

அதே 1997-இல் கலைஞர் ஆட்சியில் சிற்றுந்துத் திட்டம் வந்தது. பெரிய பேருந்து நுழையாத கிராமத்துக்குள் சிறிய பேருந்து நுழைந்தது. 2021 மே மாதம், ஆட்சிப் பொறுப்பேற்ற முதல் நாளிலேயே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று முதலமைச்சராக மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்டார். பூ கட்டும் பெண்ணும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும், களை எடுக்கப் போகும் பெண்ணும் அந்தக் காசை அடுப்படிக்கு மிச்சப்படுத்தினார்கள்.

ஒரு கேள்வி கேட்கிறோம். பேருந்து முழுவதும் முதலாளிகளின் கையில் இருந்திருந்தால், ஒரு கையெழுத்தில் இதைச் செய்திருக்க முடியுமா? ஆயிரம் வண்டி முதலாளிகளோடு ஆயிரம் பேரம் நடந்திருக்கும்! பேருந்து மக்களிடம் இருந்தது. அதனால் ஆணையும் மக்களுக்குப் பயன்பட்டது. நாட்டுடைமையின் முழுப் பொருள் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டணம் இல்லை என்ற ஆணை, பேருந்து வரும் ஊருக்குத்தான் பயன். பேருந்தே வராத ஊரில் இலவசமும் இல்லை, கட்டணமும் இல்லை, நடைதான். எனவே அடுத்த படி எது? எந்த ஊருக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதை உரிமையாக எழுதி வைப்பது. அதுதான் நீண்டகாலத் திட்டம்.

மற்றவர் எப்படிச் செய்தார்கள்?

சிங்கப்பூரைப் பாருங்கள். நம்மவர் கூலிகளாகப் போய் உழைத்து உயர்த்திய ஊர். 1971-இல் நாடு முழுமைக்கும் நிலத்திட்டம் வரைந்தார்கள். இங்கே வீடு, இங்கே தொழிற்சாலை, இவற்றை இணைக்க இங்கே இரயில் என்று கோடு போட்டார்கள். முதல் நகர இரயில் ஓடியது 1987-இல். பதினாறு ஆண்டு முன்னதாகவே பாதையை எண்ணி வைத்தார்கள் என்பதுதான் பாடம்.

பிரேசில் நாட்டில் குரிடிபா என்றொரு நகரம். சுரங்க இரயில் போடப் பணம் இல்லை. 1966-இல் வகுத்த திட்டப்படி, 1974-இல் பேருந்துக்கென்றே தனித்தடம் திறந்தார்கள். அந்தத் தடத்தை ஒட்டியே உயர்ந்த கட்டடங்களுக்கு அனுமதி தந்தார்கள். ஊர் வளர்ந்தது, பேருந்தை ஒட்டியே வளர்ந்தது.

சுவிட்சர்லாந்து மலை நாடு. சிற்றூர்கள் நிறைந்த நாடு. 1982 முதல் நாடு முழுவதும் இரயில்கள் குறித்த இடைவெளியில், ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் வரும்படி அட்டவணை அமைத்தார்கள். மலைக் கிராமத்துப் பேருந்து அந்த இரயிலோடு சேரும்படி நேரம் வைத்தார்கள். இதற்குப் பெரிய அறிவியல் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு துறைகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். பாம்புக்கோவில் சந்தையில் அதைச் செய்ய முடியாதா?

முன்னரே நிலத்தை ஒதுக்காவிட்டால் வரும் துன்பத்துக்கு வெளிநாடு போக வேண்டாம், சென்னையே போதும். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் இரயிலை நீட்டும் வேலை 2008-இல் தொடங்கியது. ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் அது ஆண்டுக்கணக்கில் நின்றது. தூண்கள் எழுந்து நின்றன, இரயில் வரவில்லை. தலைநகருக்கே அந்தக் கதி என்றால், நாளை சங்கரன்கோவிலைச் சுற்றி மனைப்பிரிவு மண்டிய பிறகு, புறவழிச் சாலைக்கும் புதிய இருப்புப்பாதைக்கும் நிலம் எங்கிருந்து வரும்? இன்று கல் நட்டு எல்லை குறித்தால் செலவு குறைவு. நாளை வீட்டை இடித்து எடுத்தால் பணமும் போகும், ஏழையின் கூரையும் போகும்.

நட்டக் கணக்குப் பாடுவோர்

“போக்குவரத்துக் கழகம் நட்டத்தில் ஓடுகிறதே!” என்று சிலர் நீட்டி முழக்குவர். அவர்களிடம் கேளுங்கள்: சாலை இலாபத்தில் ஓடுகிறதா? பள்ளிக்கூடம் இலாபம் தருகிறதா? ஊருணி எவ்வளவு ஈட்டியது? இலாபம் பார்த்தா விளக்குக் கம்பம் நட்டார்கள்? பேருந்தில் போன பிள்ளை படித்து வேலைக்குப் போனது எந்தப் பேரேட்டில் வரவாக எழுதப்பட்டது?

நட்டத்தில் ஒரு பகுதி திட்டமின்மையால் வருவது என்பதையும் மறக்கலாகாது. ஒரே தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மூன்று வண்டி. பக்கத்துத் தடத்தில் மூன்று மணிக்கு ஒரு வண்டி. இது யார் செய்த கணக்கு? அதன் சுமையைத் தாங்குபவன் ஓட்டுநரும் நடத்துநரும். பழைய வண்டி, உதிரிப் பாகம் இல்லை, ஓய்வு நேரம் இல்லை, ஓய்வு பெற்ற பிறகு பணப் பயனுக்கும் காத்திருப்பு. பயணி அவன் மீது சீறுகிறான். அவன் பயணி மீது சீறுகிறான். இருவரும் ஒரே வர்க்கம் என்பதை இருவரும் மறக்கிறார்கள். சண்டை போட வேண்டிய இடம் படிக்கட்டு அல்ல!

“வீட்டுக்கு வீடு இருசக்கர வண்டி வந்துவிட்டது, இனிப் பேருந்து எதற்கு?” என்பது அடுத்த வாதம். வீட்டுக்கு ஒரு வண்டி வந்தது உண்மை. அது யாரிடம் இருக்கிறது? வேலைக்குப் போகும் ஆணிடம். அவன் மனைவிக்கு? பள்ளி போகும் மகளுக்கு? கண் மங்கிய தாய்க்கு? தவணை கட்டி வாங்கிய வண்டி வசதிக்காக மட்டும் வந்ததல்ல. பேருந்து வராததால் ஏழை தன்மேல் போட்டுக்கொண்ட வரி!

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலாவது, மாவட்டத்தின் எந்த வட்டத்திலிருந்தும் தென்காசிக்கு இறங்கி ஏறாமல் நேர்ப் பேருந்து. திருவேங்கடம், குருவிகுளம் பகுதிகளுக்கு இது முதல் உரிமை. நெல்லைக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள பழைய தொடர்பை அறுக்காமல் இதைச் செய்ய வேண்டும்; மருத்துவமும் சந்தையும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை.

இரண்டாவது, தொழிலாளியின் கடிகாரப்படி அட்டவணை. பூச்சந்தைக்கு விடியற்காலை வண்டி; தறிக்கூடம் விடும் நேரத்துக்கு இரவு வண்டி; ஆலைப் பகுதிகளுக்கு அரசே விடும் வண்டி.

மூன்றாவது, சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் ஆகிய இரயில் நிலையங்களோடு பேருந்தை நேரத்தால் இணைப்பது. காலையும் மாலையும் வேலைக்குச் செல்வோருக்கேற்ற பயணிகள் இரயிலைக் கேட்டுப் பெறுவது.

நான்காவது, புறவழிச் சாலைக்கும் நெல்லை நேர்ப்பாதைக்கும் பேருந்து நிலைய விரிவுக்கும் வேண்டிய நிலத்தை இப்போதே வரையறுப்பது. அந்த நிலத்தில் மனைப்பிரிவுக்கு அனுமதி மறுப்பது. ஆடித் தபசுக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊரில், கூட்டத்தைத் தாங்கும் இடம் எது என்பதை ஆண்டுதோறும் புதிதாகத் தேடிக்கொண்டிருக்கலாமா?

ஐந்தாவது, இவற்றை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் முன் வைத்துச் சரிபார்ப்பது. எத்தனை ஊருக்குப் பேருந்து சேர்ந்தது, எத்தனை ஊர் விடுபட்டது என்று ஊர் ஊராகக் கணக்குக் காட்டுவது.

யார் செய்வது?

சென்னைப் பெருநகருக்கென்று ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-இல் சட்டம் வந்தது. நமக்கு? வழி இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 74-ஆம் திருத்தம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர், ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் ஆட்கள். ஊராட்சியும் நகராட்சியும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரே திட்டம் வரைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். சட்டம் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்ப ஆள் வேண்டும்.

அந்த ஆள் நாம்தான்!

கிளைக் கழகத் தோழர்களே! தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கிறோம். அதே கையால் இன்னொரு பட்டியல் எழுதுவோம். நம் ஊரிலிருந்து எத்தனை பேர், எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள்? எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகின்றன? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? கருவுற்ற பெண்ணை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி என்ன? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வையுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுவது தமிழ்நாட்டு முறை. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து ஊர்த் தீர்மானத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு ஊர் கேட்டால் மனு. நூறு ஊர் கேட்டால் திட்டம்!

தில்லியிடம் இரயிலைக் கேட்போம். கோட்டையில் எந்த ஆட்சி இருந்தாலும் அதனிடம் பேருந்தைக் கேட்போம். நம்மவர் ஆட்சி என்றால் இன்னும் உரத்த குரலில் கேட்போம். கேட்கும் உரிமை அங்கே நமக்கு அதிகம்.

பாதை ஒரு முறை விழுந்துவிட்டால், அதன் வழியே மூன்று தலைமுறை நடக்கும். 1927-இல் போட்ட பாதையில்தான் இன்றும் நம் இரயில் ஓடுகிறது. இன்று நாம் போடச் செய்யும் பாதையில் நம் பேரப்பிள்ளைகள் போவார்கள். முதலாளி அனுப்பும் வண்டியில் போவதா, தம்முடைய வண்டியில் போவதா என்பதை அவர்கள் முடிவு செய்ய முடியாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தை எடுங்கள், தோழர்களே!